ரொறன்ரோவில் பன்னிரண்டு மாதமும் நடப்பது எப்படி: இலையுதிர் காலத்திலிருந்து ஸ்னோஷூ வரை

ரொறன்ரோப் பக்கம் இருக்கும் நம்மவர்களுக்கு வெளியில் நடப்பது என்றால் மே முதல் செப்ரெம்பர் வரைதான். அதற்கப்புறம் மோலுக்குள் சுற்றுவது, அல்லது அடித்தளத்தில் இருக்கும் ட்றெட்மில். குளிர் வந்தால் காடு மூடிவிடும் என்று ஒரு நினைப்பு. உண்மையில் இந்த ஊரில் நடப்பதற்கு ஆகச் சுகமான காலம் ஜனவரியும் பெப்ரவரியும்தான் என்பேன். நுளம்பு இல்லை, கறுப்பு ஈ இல்லை, சேறு உறைந்து கல்லாகிவிடும், இலை இல்லாததால் பள்ளத்தாக்கின் அடிவரை கண்ணுக்குத் தெரியும், சனமும் குறைவு.

ஆனால் நேரே ஜனவரியில் தொடங்குகிறவர்கள் பெப்ரவரியில் நிறுத்திவிடுவார்கள். உடுப்புப் பழகியிருக்காது, பாதை பழகியிருக்காது, இருட்டு எப்போது விழும் என்ற கணக்கும் இருக்காது. அதனால் இந்த வழிகாட்டி செப்ரெம்பரில் தொடங்கி, ஒரு வருடம் சுற்றிப் போகிறது. மலையேறும் சாகசம் எதுவும் இதில் கிடையாது. இரண்டு மணி நேரம் நடந்து, தேத்தண்ணி குடித்து, இருட்டுமுன் வீடு திரும்பும் நடைகளைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

முதல் வேலை: பக்கத்தில் ஒரே ஒரு பாதை

புதிதாகத் தொடங்குகிறவர்கள் ஒவ்வொரு சனிக்கிழமையும் புது இடம் தேடுகிறார்கள். அது வேண்டாம். வீட்டிலிருந்து அரை மணி நேரத்துக்குள் போகக்கூடிய ஒரு பாதையைப் பிடியுங்கள். அதையே திரும்பத் திரும்ப நடவுங்கள். எந்த இறக்கத்தில் ஐஸ் பிடிக்கும், எந்த வளைவில் காற்று அடிக்கும், திரும்பி வர எவ்வளவு நேரமாகும் என்பதெல்லாம் காலுக்கே தெரிந்துவிடும். முதல் பனி விழும்போது அந்தப் பழக்கம்தான் உங்களைக் காப்பாற்றும்.

ஸ்காபரோ, மார்க்கம், பிக்கரிங் பக்கம் இருப்பவர்களுக்கு இதில் யோசிக்கவே தேவையில்லை. றூஜ் இருக்கிறது. 2015 இல் கனடாவின் முதல் தேசிய நகரப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட இடம், ஏறத்தாழ 79 சதுர கிலோமீற்றர், நுழைவுக் கட்டணம் இல்லை. ரொறன்ரோ மிருகக்காட்சிச்சாலைக்கு ரிரிசி பஸ் போவதால் கார் இல்லாதவர்களும் போகலாம். மிருகக்காட்சிச்சாலை வீதியிலிருந்து தொடங்கும் விஸ்ரா பாதை ஒரு பக்கம் சுமார் ஒன்றரைக் கிலோமீற்றர். வழியில் இரண்டு தட்டில் ஒரு பார்வை மேடை, கீழே லிற்றில் றூஜ் ஓடையின் பள்ளத்தாக்கு. முதல் நடைக்கு இது போதும். கால் பழகியதும் மாஸ்ற் பாதைக்குப் போகலாம். 200 வருடங்களுக்கு முன் கப்பல் பாய்மரத்துக்காகப் பைன் மரங்களை வெட்டி இழுத்துப் போன வழி அது. ஏற்ற இறக்கம் கொஞ்சம் கூட. திருத்த வேலைக்காகச் சில பாதைகளை அவ்வப்போது மூடுவார்கள், எனவே பார்க்ஸ் கனடாவின் தளத்தை ஒருமுறை பார்த்துவிட்டு வெளிக்கிடுங்கள்.

தேசியப் பூங்கா என்பதால் சட்டமும் கொஞ்சம் இறுக்கம். பூப் பறிப்பது, காளான் பிடுங்குவது, பறவைக்குத் தீனி போடுவது எதுவும் கூடாது. நாயைக் கயிற்றில்தான் கொண்டுபோக வேண்டும்.

செப்ரெம்பர், ஒக்ரோபர்: கால் பழகும் காலம்

இந்த இரண்டு மாதத்தில் வாரம் ஒருமுறை போனாலே போதும். முதலில் ஒரு மணி நேரம், பிறகு இரண்டு மணி நேரம். வேகத்தைப் பற்றி யோசிக்க வேண்டாம். பக்கத்தில் வருபவரோடு மூச்சு வாங்காமல் கதைக்க முடிந்தால் அதுதான் சரியான வேகம்.

செலவழிக்க வேண்டிய ஒரே பொருள் சப்பாத்து. ஓட்டச் சப்பாத்தின் அடி வழுவழுப்பானது, ஈர இலையில் வழுக்கும். அடியில் ஆழமான பற்கள் உள்ள, கணுக்காலை மூடும், நீர் புகாத ஹைக்கிங் சப்பாத்து ஒன்று வாங்குங்கள். கடைக்கு மாலையில் போங்கள், கால் அப்போது கொஞ்சம் வீங்கியிருக்கும். தடித்த கம்பளிக் காலுறையைக் கையோடு கொண்டுபோய் அதைப் போட்டபடியே அளவு பாருங்கள். கடையில் சாய்தளம் இருந்தால் அதில் இறங்கிப் பாருங்கள். விரல் நுனி முன்னால் இடித்தால் அரை அளவு கூட எடுங்கள்.

செப்ரெம்பர் கடைசியிலும் ஒக்ரோபர் தொடக்கத்திலும் றூஜ் ஆற்றிலும் ஹைலண்ட் ஓடையிலும் சினூக் சால்மன் மீன்கள் ஒன்ராறியோ ஏரியிலிருந்து மேலேறி வரும். முட்டையிட வரும் மீன், ஆழமில்லாத இடத்தில் முதுகு வெளியே தெரிய வாலை அடித்து அடித்து ஏறும். பிள்ளைகளை முதல்தரம் கூட்டிப் போவதற்கு இதைவிட நல்ல சாட்டு இல்லை.

நிறம் பார்க்க அல்கோன்குவின் போக வேண்டும் என்று எல்லோருக்கும் ஆசை. போகலாம். 1893 இல் தொடங்கிய, ஒன்ராறியோவின் ஆகப் பழைய மாகாணப் பூங்கா அது. 60 ஆம் இலக்க நெடுஞ்சாலை ஓரமாகவே பாதைகள் வரிசையாக இருக்கும். லுக்கவுற் பாதை சுமார் 2 கிலோமீற்றர்தான், ஆனால் நல்ல ஏற்றம். அம்மா அப்பாவோடு போனால் ஸ்புரூஸ் பொக் பலகைப்பாதை, ஒன்றரைக் கிலோமீற்றர், பெரும்பாலும் மட்டம். மேப்பிள் சிவப்பு உச்சத்துக்கு வருவது பெரும்பாலும் செப்ரெம்பர் கடைசி வாரத்திலிருந்து ஒக்ரோபர் முதல் வாரத்துக்குள். அந்த வார இறுதிகளில் வாகன அனுமதி சீக்கிரம் தீர்ந்துவிடும், முன்பதிவு இல்லாமல் போய் வாசலில் நிற்க வேண்டாம். முடிந்தால் செவ்வாய், புதன் போங்கள். ஒரு நாள் லீவு எடுப்பதற்கு அது தகும்.

பாதைக் குறி வாசிப்பது

இதே காலத்தில் பழக வேண்டிய இன்னொன்று மரத்தில் அடித்திருக்கும் வண்ணக் கோடு. நல்ல உதாரணம் புரூஸ் ட்றெயில். நயாகராப் பக்கம் குயின்ஸ்ரனில் தொடங்கி ரொபமோரி வரை 900 கிலோமீற்றருக்கு மேல் போகும் பாதை, 1967 இல் திறந்தார்கள். அதில் வெள்ளைக் கோடு முதன்மைப் பாதை, நீலக் கோடு கிளைப்பாதை. ஒற்றைக் கோடு என்றால் நேரே போ. ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு கோடு இருந்து, மேல் கோடு வலப்பக்கம் தள்ளியிருந்தால் வலப்பக்கம் திரும்பு. இடப்பக்கம் தள்ளியிருந்தால் இடம். அவ்வளவுதான். கொஞ்ச நேரம் நடந்தும் கோடே கண்ணில் படவில்லை என்றால் முன்னே போகாதீர்கள், கடைசியாகக் கண்ட கோட்டுக்குத் திரும்புங்கள். பனிக்காலத்தில் தரையில் பாதை தெரியாது, கோடு மட்டும்தான் தெரியும் என்பதால் இதை இப்போதே கண்ணுக்குப் பழக்கிவிட வேண்டும்.

இந்தப் பாதையின் பல துண்டுகள் தனியார் காணிக்குள்ளால் போகின்றன. காணிக்காரர் மனம் வைத்து விட்டிருக்கிற வழி அது. குறுக்கு வழி எடுப்பது, வேலியைத் தாண்டுவது கூடவே கூடாது. நவம்பரில் நகரத்துக்கு வெளியே நடந்தால் செம்மஞ்சள் மேலங்கி அல்லது தொப்பி போடுங்கள், மான் வேட்டைக் காலம்.

நவம்பர், டிசெம்பர்: உடுப்பும் இருட்டும்

நவம்பர் முதல் ஞாயிறு மணிக்கூடு மாறும். அன்றிலிருந்து பின்னேரம் ஐந்து மணிக்கே இருட்டத் தொடங்கிவிடும். டிசெம்பர் நடுவில் சூரியன் 4.40 க்கே போய்விடும். எனவே இந்த மாதங்களில் ஒரே விதி: காலை பத்து மணிக்குள் பாதையில் கால் வைக்க வேண்டும். நம் வீடுகளில் சனிக்கிழமை பத்து மணி என்பது விடியற்காலை என்று எனக்கும் தெரியும். பன்னிரண்டுக்கு வெளிக்கிட்டு, வழியில் கோப்பி வாங்கி, ஒன்றரைக்கு நடக்கத் தொடங்கினால் திரும்பும்போது இருட்டு. தலையில் கட்டும் சிறு விளக்கு ஒன்றைப் பையில் எப்போதும் வைத்திருங்கள். கைபேசி வெளிச்சத்தை நம்ப முடியாது, குளிரில் பற்றரி திடீரென்று இறங்கிவிடும். கைபேசியையும் ஜாக்கெற்றின் உட்பையில், உடம்போடு ஒட்டி வைக்க வேண்டும்.

உடுப்பு மூன்று அடுக்கு. உடம்பை ஒட்டியது கம்பளி அல்லது பொலியெஸ்ரர், நடுவில் பிளீஸ், வெளியே காற்றும் ஈரமும் புகாத மெல்லிய ஜாக்கெற். பருத்தி மட்டும் எங்கேயும் வேண்டாம். பருத்தி பெனியன் வியர்வையை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், நின்றவுடன் அந்த ஈரமே உடம்பைக் குளிரவைக்கும். ஜீன்ஸும் அப்படித்தான். வேலைக்குப் போடும் பெரிய வின்ரர் ஜாக்கெற் பஸ் நிறுத்தத்தில் நிற்பதற்கானது. அதைப் போட்டு ஏற்றம் ஏறினால் பத்து நிமிடத்தில் நனைந்துவிடுவீர்கள்.

வெளிக்கிடும்போது கொஞ்சம் குளிர வேண்டும், அதுதான் அளவு. கார்ப்பக்கம் நிற்கும்போதே சுகமாக இருந்தால் ஒரு அடுக்கைக் கழற்றிப் பையில் வையுங்கள். ஓய்வுக்கு நின்றவுடன், குளிர்வதற்கு முன்பே, அதை எடுத்துப் போடுங்கள்.

கால் குளிர்கிறது என்று இரண்டு சோடி காலுறை போடுவது நம்மிடம் பரவலான பழக்கம். அது எதிர்மாறாகத்தான் வேலை செய்யும். சப்பாத்து இறுகி இரத்த ஓட்டம் குறைந்தால் விரல் இன்னும் விறைக்கும். ஒரு சோடி நல்ல கம்பளிக் காலுறை, விரலை அசைக்க இடமுள்ள சப்பாத்து, அவ்வளவே. கைக்கு ஐந்து விரல் உறையைவிட விரல்கள் ஒன்றாக இருக்கும் மிற்றன் நல்லது.

வெப்பநிலையை மட்டும் பார்க்காமல், காற்றோடு சேர்த்து உடம்பு உணரும் குளிரைச் சொல்லும் காற்றுக்குளிர் எண்ணையும் பாருங்கள். கனடா சுற்றாடல் துறையின் அளவுப்படி அது மறை 28 க்குக் கீழே போனால், மூடாத தோல் 10 முதல் 30 நிமிடத்துக்குள் உறையத் தொடங்கும் ஆபத்து உண்டு. அப்படியான நாளில் காட்டுக்குள் போகாமல் விட்டாலும் ஒன்றும் குறைந்துவிடாது. மூக்கு நுனி, காது, கன்னம் வெளுத்து மரத்துப்போனால் அதுதான் முதல் அறிகுறி. தேய்க்காமல், கையால் பொத்திச் சூடாக்கி, உடனே திரும்புங்கள்.

டிசெம்பரில் பனியைவிட ஐஸ்தான் தொல்லை. றூஜ் பாதைகளில் தெருவைப்போல் உப்புப் போடுவார்கள் என்று எதிர்பார்க்காதீர்கள். சப்பாத்தின் மேல் இழுத்து மாட்டும் ரப்பர்ப் பட்டியோடு சங்கிலியும் சிறு இரும்புப் பற்களும் சேர்ந்த ஐஸ் கிளீற் ஒரு சோடி வாங்குங்கள். பனியில் நடக்கும் மிதியடியான ஸ்னோஷூவைவிட முதலில் வாங்க வேண்டியது இதுதான், ரொறன்ரோவில் அதிகம் பயன்படுவதும் இதுதான். ஆறு, குளம் எவ்வளவு உறைந்து தெரிந்தாலும் அதன்மேல் நடக்க வேண்டாம். ஓடும் தண்ணீருக்கு மேலுள்ள ஐஸ் ஒரு இடத்தில் தடித்தும் அடுத்த அடியில் மெலிந்தும் இருக்கும்.

ஜனவரி, பெப்ரவரி: ஸ்னோஷூ

கால் புதையாமல் பனியின் மேல் நடப்பதற்கான அகலமான மிதியடி இது. அனிஷினாபே, கிரீ முதலான இந்த மண்ணின் முதற்குடிகள் ஆஷ் மரத்தை வளைத்துச் சட்டம் செய்து, மான் தோல் வாரால் வலை பின்னிப் போட்டுக்கொண்டு வேட்டைக்குப் போனார்கள். அடர்ந்த காட்டுக்குக் குட்டையும் வட்டமும், திறந்த வெளிக்கு நீளமும் ஒடுக்கமும் என்று நிலத்துக்கேற்ப வடிவம் மாறும். இப்போது அலுமினியச் சட்டம், பிளாஸ்ரிக் தட்டு, அடியில் இரும்புப் பற்கள். தத்துவம் அதேதான், எடை பரந்து விழுவதால் கால் இறங்காது.

ரொறன்ரோவில் ஸ்னோஷூவுக்குத் தேவையான பனி, அதாவது ஒரு சாண் அளவு, நிலைத்து நிற்கும் நாட்கள் குறைவு. இரண்டு நாளில் மழை பெய்து கரைந்துவிடும். அதற்கு வடக்கே போக வேண்டும். குளிர் காற்று ஹியூரன் ஏரி, ஜோர்ஜியன் வளைகுடா மேலால் வரும்போது ஈரத்தை அள்ளிக்கொண்டு வந்து கரையேறியதும் கொட்டிவிடுகிறது. அதனால்தான் ரொறன்ரோவில் புல் தெரியும் நாளில்கூட வடக்கே பரி நகருக்கு அப்பால் முழங்கால் அளவு பனி கிடக்கும். கொலிங்வுட் பக்கம் சீனிக் கேவ்ஸ், ஹன்ஸ்வில் அருகே அரோஹெட் மாகாணப் பூங்கா போன்ற இடங்களில் ஸ்னோஷூ வாடகைக்கும் உண்டு. அரோஹெட்டில் காட்டுக்குள்ளால் 1.3 கிலோமீற்றர் நீளத்துக்கு ஐஸ் சறுக்குப் பாதையும் இருப்பதால், நடக்க மாட்டேன் என்கிற பிள்ளைகளுக்கும் வேலை கிடைக்கும். 400, 11 நெடுஞ்சாலைகளில் பனிப்புயல் திடீரென்று மறைக்கும். மாகாணத்தின் வீதித் தகவல் சேவையான ஒன்ராறியோ 511 இல் வீதி நிலவரம் பார்க்காமல் காரை எடுக்காதீர்கள்.

முதல் இரண்டு மூன்று தடவை வாடகைக்கே எடுங்கள். வாங்குவதென்றால் அளவு உங்கள் எடையைப் பொறுத்தது, உயரத்தைப் பொறுத்ததல்ல. உடுப்பு, சப்பாத்து, முதுகுப்பை எல்லாம் சேர்ந்த எடையைக் கணக்கில் எடுத்து, பெட்டியில் போட்டிருக்கும் அட்டவணையைப் பாருங்கள். சமதளத்துக்கான மலிவான சோடியே நமக்குப் போதும். மார்ச்சில் கடைகள் வின்ரர்ச் சாமானைத் தள்ளுபடியில் விடும், அப்போது வாங்குங்கள்.

மாட்டுவது இப்படி. காரிலிருந்து இறங்கி, தட்டையான இடத்தில் ஸ்னோஷூவைப் பனியில் வையுங்கள். கொளுக்கிகள் இரண்டும் வெளிப்பக்கம் பார்க்க வேண்டும், அதை வைத்தே இடது வலது தெரியும். சப்பாத்தின் முன்பாதம் சுழலும் அச்சுக்கு மேல் வரவேண்டும். விரல் நுனி முன் துளையின் விளிம்பில் இடிக்கக் கூடாது. முதலில் முன்பட்டி, பிறகு குதிப்பட்டி. இறுக்கிய பிறகு காலைத் தூக்கி ஆட்டிப் பாருங்கள்: குதி தூக்கும்போது ஸ்னோஷூவின் பின்நுனியான வால் கீழே தொங்க வேண்டும், கால் பக்கவாட்டில் நகரக் கூடாது. கையுறையோடு பட்டியை இறுக்க வீட்டிலேயே ஒருமுறை பழகிவிட்டுப் போங்கள். தரிப்பிடத்தில் வெறுங்கையோடு கொளுக்கியோடு மல்லுக்கட்டினால் நடை தொடங்குமுன்பே விரல் போய்விடும்.

நடப்பது நீங்கள் நினைப்பதைவிடச் சுலபம். கால்களை வழக்கத்தைவிடக் கொஞ்சம் அகட்டி வையுங்கள், இல்லாவிட்டால் ஒரு ஸ்னோஷூ மற்றதை மிதித்து விழுத்தும். ஏற்றத்தில் முன்நுனியைப் பனிக்குள் உதைத்து, பல் பிடித்தபிறகு எடையை ஏற்றுங்கள். இறக்கத்தில் முழங்காலை மடக்கி, எடையைக் குதிப்பக்கம் வையுங்கள். பின்னோக்கி நடக்காதீர்கள், வால் குத்திக்கொண்டு உட்காரவைத்துவிடும்; சின்ன வட்டமாகச் சுற்றித் திரும்புங்கள். விழுந்தால் பக்கவாட்டில் உருண்டு, முழங்காலை உடம்புக்குக் கீழே கொண்டுவந்து எழுங்கள். புதுப் பனியில் முன்னால் போகிறவருக்குத்தான் வேலை அதிகம், அதனால் ஆளை மாற்றி மாற்றி முன்னே விடுங்கள். கோடையில் ஐந்து கிலோமீற்றர் நடப்பவர் இதில் இரண்டரை என்று கணக்குப் போட்டால் சரியாக வரும்.

ஒரு மரியாதை உண்டு. ஸ்கீ ஓடுபவர்களுக்காக இரண்டு சமாந்தரக் கோடு போட்டு வைத்திருப்பார்கள். அதன்மேல் மிதிக்கக் கூடாது. பெரிய பூங்காக்களில் ஸ்கீக்கும் ஸ்னோஷூவுக்கும் பாதைகள் தனித்தனியாகப் பிரிக்கப்பட்டிருக்கும்.

மெதுவாகப் போவதால் பனியில் எழுதியிருப்பதை வாசிக்கலாம். முயலின் தடத்தில் இரண்டு பெரிய குழி முன்னால், இரண்டு சிறியது பின்னால் இருக்கும். பெரியவை பின்னங்கால்கள், பாயும்போது முன்னங்காலைத் தாண்டி முன்னே வந்து விழுகின்றன. ஆகவே பெரிய குழிகள் இருக்கும் பக்கம்தான் முயல் போன பக்கம். நரியின் தடம் ஒற்றைக் கோடாக நேரே போகும். வீட்டு நாயின் தடம் அப்படி இல்லை, அங்குமிங்கும் அலையும்.

சாப்பாடு

குளிரில் பசி அதிகம், ஆனால் நின்று சாப்பிட நேரம் குறைவு. சோற்றுப் பொதி உறைந்துவிடும், பழப்பாரும் கல்லாகும். சம்பலோ முட்டைப் பொரியலோ வைத்துச் சுருட்டிய ரொட்டியை ஜாக்கெற்றின் உட்பையில் போட்டுக்கொண்டு போனால் மெதுவாகவே இருக்கும், ஒற்றைக் கையால் சாப்பிடலாம். சுடுதண்ணிப் போத்தலில் இஞ்சித் தேத்தண்ணி. சாதாரணத் தண்ணிப் போத்தலைப் பையில் தலைகீழாக வையுங்கள்; தண்ணீர் மேலிருந்துதான் உறையும், மூடிப்பக்கம் கீழே இருந்தால் திறக்க முடியும்.

மார்ச் கடைசி, ஏப்ரல்: வீட்டில் இருங்கள்

உண்மையாகத்தான் சொல்கிறேன். பனி உருகும் அந்த நாலைந்து வாரம் பாதையெல்லாம் சேறு. சேற்றைத் தவிர்க்க எல்லோரும் ஓரத்தில் மிதித்து மிதித்துப் பாதையை இரண்டு மடங்கு அகலமாக்கிவிடுகிறார்கள், அப்போதுதான் முளைத்துவரும் செடிகள் அதில் செத்துப்போகும். நடந்தே ஆக வேண்டும் என்றால் தார் போட்ட பாதையில் அல்லது றூஜ் கடற்கரைப் பக்கம் நடவுங்கள். ஏப்ரல் கடைசியில், மண் காய்ந்தபிறகு, திரும்பக் காட்டுக்குப் போகலாம். மே நடுவரை ட்றில்லியம் பூத்திருக்கும், மூன்று வெள்ளை இதழ், ஒன்ராறியோவின் மாகாணப் பூ.

மே முதல் ஓகஸ்ற்: உண்ணி

கோடையில் நடக்க யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. மே நடுவிலிருந்து ஜூன் நடுவரை அல்கோன்குவின் பக்கம் கறுப்பு ஈ கடித்துத் தள்ளும், அந்த மாதத்தைத் தவிருங்கள். மூன்று இலையாக வளரும் பொய்சன் ஐவியைத் தொடாதீர்கள். மற்றபடி கவனம் வேண்டியது உண்ணிக்குத்தான். லைம் நோயைப் பரப்பும் கருங்கால் உண்ணி றூஜ் பள்ளத்தாக்கிலும் இருக்கிறது. வெப்பநிலை 4 பாகைக்கு மேல் போனால் அது நடமாடும், எனவே இளஞ்சூடான குளிர்கால நாளிலும் ஒரு கண் வையுங்கள்.

உண்ணி பாயாது, பறக்காது. புல் நுனியிலும் சருகிலும் காத்திருந்து உரசிப் போகும் காலில் ஏறும். பாதையின் நடுவில் நடந்து, நீளக் காற்சட்டையைக் காலுறைக்குள் செருகி, டீற் அல்லது ஐகாரிடின் உள்ள பூச்சி மருந்து அடித்துக்கொண்டால் பெரும்பகுதி ஆபத்து தீர்ந்தது. வீட்டுக்கு வந்ததும் உடுப்பை ட்றையரில் அதிக சூட்டில் பத்து நிமிடம் போடுங்கள். பிறகு குளித்து, முழங்கால் மடிப்பு, இடுப்பு, அக்குள், தொப்புள், காதின் பின்புறம், பிள்ளைகளின் தலைமயிருக்குள் தேடுங்கள். குட்டி உண்ணி கசகசா அளவுதான் இருக்கும், கண்ணைவிட விரலுக்குத்தான் முதலில் தட்டுப்படும்.

கடித்திருந்தால் எண்ணெய் விடுவது, நெருப்புக்குச்சி காட்டுவது போன்ற ஊர் வைத்தியம் வேண்டாம். கூர்முனைச் சாமணத்தால் தோலோடு ஒட்டிப் பிடித்து, திருகாமல், நேராக மெதுவாக இழுங்கள். இடத்தைச் சவர்க்காரம் போட்டுக் கழுவிவிட்டுத் திகதியைக் குறித்து வையுங்கள். ஒரு நாளுக்கு மேல் ஒட்டியிருந்திருக்கலாம் என்று தோன்றினால் தாமதிக்காமல் மருந்துக்கடைக்குப் போங்கள். 2023 ஜனவரியிலிருந்து ஒன்ராறியோவில் மருந்தாளரே இதற்குத் தடுப்பு மருந்து எழுதித் தரலாம், ஆனால் உண்ணியை எடுத்து 72 மணி நேரத்துக்குள் அது தொடங்கப்பட வேண்டும். அடுத்த சில வாரங்களில் கடித்த இடத்தைச் சுற்றிச் சிவப்பு வட்டமாகப் பரவினாலோ, காய்ச்சலும் மூட்டு நோவும் வந்தாலோ குடும்ப வைத்தியரிடம் போய், குறித்து வைத்த திகதியையும் நடந்த இடத்தையும் சொல்லுங்கள்.